உப்பளத்துக்குப் போன இறகு

உலகம்மையின் மருத்துவசாலையில் நான்கு சீடர்கள் இருந்தார்கள். நால்வரில் மூத்தவர் அம்பலவாணன். குருவைவிடவும் அவர்தான் மூத்தவர். உலகம்மைக்கு முப்பத்தாறு வயது, அவருக்கு ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிவிட்டு, மனைவி இறந்த பிறகு வைத்தியம் படிக்க வந்தவர். அதனால் உலகம்மை அவரை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவாள். அவர் அவளை 'அம்மா' என்பார்.

வேலையை விட்டாலும் வாத்தியார் குணம் அவரை விட்டுப் போகவில்லை. எதையும் சரி, தப்பு என்று பிரித்துக் கோடு போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

மருத்துவசாலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெருநோய்க்காரர்கள். முதலில் தோல் வெளுக்கும். வெளுத்த இடத்தில் உணர்வு போகும். கவனிக்காமல் விட்டால் கை கால் விரல்கள் போகும். ஊரார் அவர்களைக் கண்டால் விரட்டுவார்கள். உலகம்மை அவர்களுக்கு நீரடிமுத்து எண்ணெய் கொடுத்துப் புண்ணைக் கழுவிக் கட்டுவாள்.

அம்பலவாணன் ஒரு சோதனை கண்டுபிடித்திருந்தார். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, புறா இறகால் உள்ளங்காலைத் தடவுவார். பட்டதும் 'தொட்டாச்சு' என்று நோயாளி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அங்கே உணர்வு இல்லை.

ஒரு வருஷம் பார்த்தார். பிறகு குருவிடம் வந்தார்.

"அம்மா, இறகை நம்பலாம். அது காட்டிக்குடுத்த பத்துப் பேர்ல ஒம்பது பேருக்குப் பெருநோய்தான்."

"அந்தப் பத்துப் பேரும் யாரு?"

"இங்க வந்த நோயாளிங்கதான்."

"நம்ம வாசலுக்கு வர்றதுக்கு முன்னால எத்தனை நாள் பயந்திருப்பாங்க?"

"மாசக்கணக்கா பயந்துட்டுத்தான் வாராங்க."

"ம்" என்றாள் உலகம்மை. அவள் கேட்ட கேள்வி எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதும் தெரியவில்லை.

"சேந்தன்துறை உப்பளத்துல நானூறு பேர் இருக்காங்க, அம்மா. அங்க போயி எல்லாரையும் பாத்துருதேன். விரல் போற வரைக்கும் காத்திருக்காம ஆரம்பத்துலயே புடிச்சிரலாம்."

"நல்ல யோசனை. புடிச்ச பிறகு?"

"இங்க கூட்டிட்டு வாரேன்."

"எண்ணெய் எத்தனை பேருக்கு இருக்கு?"

"ஆறு பேருக்கு இருக்கு."

"போயிட்டு வாங்க" என்றாள் அவள்.

மற்ற மூன்று சீடர்களும், ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டார்கள். "அங்க நோய் இருக்கவங்க இருக்காங்கல்லா" என்று சொல்லிவிட்டு மருந்து இடிக்கப் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் உப்பை இறக்கிவிட்டு அளத்துக்குத் திரும்புகிற வண்டிக்காரர் ஒருவர் அந்த வழியாக வந்தார்.

"உங்க வாத்தியார் முப்பத்தெட்டுப் பேரப் புடிச்சிட்டாரும்மா. அளத்துல ஒரே அழுகைச் சத்தம்."

உலகம்மை உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். கையைக் கழுவினாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

சேந்தன்துறையை அடையும்போது உச்சி வெயில். உப்புப் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. அம்பலவாணன் எதிரே ஓடி வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"நானூத்திப் பன்னெண்டு பேரு, அம்மா. நாலே நாள்ல பாத்து முடிச்சிட்டேன். முப்பத்தெட்டுப் பேருக்கு உணர்வு இல்ல."

உணர்வு இல்லாதவர்களின் முன்கையில் காவியால் ஒரு கோடு போட்டிருந்தார். கோடு விழுந்தவர்களை உப்புக் குவியலுக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டகையில் அடைத்திருந்தார்கள். முப்பத்தெட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்ப் பானை.

"ஆறு பேருக்குத்தான எண்ணெய் இருக்குன்னு சொன்னிய?"

"முதல்ல ஆறு பேரைக் கூட்டிட்டுப் போவோம், அம்மா. மத்தவங்களைக் கங்காணி பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காரு."

கங்காணி திரவியம் செருப்புச் சத்தத்தோடு வந்தார். அந்த உப்பளத்தை நடத்துகிறவர் அவர். தலையில் காதை மூடிய உருமால்.

"நாளைக்குக் காலையில படகு வருதும்மா. முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் மணல்திட்டுல எறக்கி விட்டுருவோம். கஞ்சி அனுப்புவோம். பெருநோய்க்காரன் வாரின உப்பை எந்த ஊர்க்காரன் வாங்குவான்? என்னையும்தான் உங்க வாத்தியார் பாத்தாரு. மொத ஆளா நாந்தான் காலை நீட்டுனேன். இறகு படுமுன்னயே கூசிருச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்பலவாணனும் சிரித்தார்.

உலகம்மை கொட்டகைப் பக்கம் நடந்தாள். ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பாத்தியில் உப்பு வாருகிறவள், பெயர் பேச்சித்தாய். அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருந்தது.

"புள்ளைக்கு எத்தனை மாசம்?" என்று உலகம்மை கேட்டாள்.

"அஞ்சு மாசம். நாலு நாளாச்சு, கண்ணுல காட்ட மாட்டங்காவ. மாமியா ஆட்டுப்பால் குடுக்காளாம். எனக்கு இங்க பால் கட்டி நெஞ்சு கல்லா இருக்கு."

அவள் ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். பாதம் முழுவதும் வெடித்துத் தடித்து, உப்புப் பூத்திருந்தது.

"இது நோய்க் காலு இல்லம்மா. பதினோரு வயசுல இருந்து பாத்தியில நின்னு காய்ச்சுப்போன காலு. அய்யாகிட்ட மொத நாளே சொன்னேன்."

அம்பலவாணன் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் அதத்தான் சொல்லுதாங்க, அம்மா. நோய்னு ஒருத்தராவது ஒத்துக்கிட்டாங்களா?"

உலகம்மை திரும்பி நடந்து, அவர் சோதனை செய்யும் பந்தலுக்குப் போய்ப் பலகையில் உட்கார்ந்தாள்.

"என்னையும் பாத்திருங்க, வாத்தியாரே."

"உங்களையா?"

"பதினஞ்சு வருஷமா பெருநோய்க்காரங்க மத்தியில இருக்கேன். இங்க இருக்கவங்களைவிட எனக்குத்தான் வந்திருக்கும்."

"அம்மா, விளையாடுதியளா?"

"காலெல்லாம் புழுதி. கையிலேயே பாருங்க."

அவள் வலது கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். உப்பு வாருகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். கங்காணியும் வந்தார். வேறு வழியில்லாமல் அம்பலவாணன் இறகை எடுத்தார்.

விரல் நுனிகளில் தடவினார். உலகம்மை ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி தடவினார். சொல்லவில்லை.

மூன்றாம் முறை மெதுவாக, ஐந்து விரலிலும் தடவினார்.

"தொட்டாச்சா?" என்று உலகம்மை கேட்டாள்.

"மூணு தடவ தொட்டாச்சு, அம்மா."

அவள் கண்ணைத் திறந்தாள். "அப்ப கோடு போடுங்க."

"உங்களுக்கு நோய் இல்ல, அம்மா."

"இறகு என்ன சொல்லுது?"

அம்பலவாணன் அந்த விரல்களைப் பார்த்தார். பஸ்பத்துக்குப் புடம் போட்டு, வறட்டித் தணலிலிருந்து கலயத்தை வெறுங்கையால் எடுத்து எடுத்து, நுனி எல்லாம் வழுவழுப்பாகிப் போன விரல்கள். தினமும் அவர் கண்ணால் பார்க்கிற கைதான். காவிக் கிண்ணத்தின் மேல் அவர் கை அப்படியே நின்றது.

உலகம்மையே கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். தன் முன்கையில் ஒரு கோடு இழுத்தாள். எழுந்து போய்க் கொட்டகைக்குள் பேச்சித்தாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"வைத்தியச்சிக்குமா?" என்ற கங்காணி நாலடி பின்னால் போனார்.

அம்பலவாணன் பந்தலில் நெடுநேரம் நின்றார். வெயில் அவர் காலடிக்கு வந்தது. வகுப்பில் கடைசி வரிசைப் பையன்களை எத்தனையோ முறை இப்படி நிற்க வைத்திருக்கிறார். நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு கொட்டகைக்குள் போய்க் குருவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"என்ன செய்யட்டும், அம்மா?"

"கோடு விழுந்தவகிட்ட கேக்கிய? வெளிய இருக்கவங்கல்லா முடிவு செய்யணும்."

"அம்மா..."

"நம்ம மருத்துவசாலையில இறகு பாத்த பிறகு என்ன செய்வோம்?"

"உடம்பு முழுக்க வெளுப்பு இருக்கான்னு பாப்போம். முழங்கை நரம்பு தடிச்சிருக்கான்னு தொட்டுப் பாப்போம். சுடுதண்ணியும் பச்சைத் தண்ணியும் வச்சு வித்தியாசம் தெரியுதான்னு பாப்போம்."

"இங்க ஏன் செய்யல?"

"நானூத்திப் பன்னெண்டு பேருக்கும் அதைச் செய்ய முடியுமா, அம்மா? ஒரு ஆளுக்கே கால் நாழிகை ஆகும்."

"நானூத்திப் பன்னெண்டு பேரு இப்ப எங்க இருக்காங்க? முப்பத்தெட்டுப் பேருதான இருக்காங்க."

அம்பலவாணன் தலையை நிமிர்த்தினார்.

"என்னையும் சேத்தா முப்பத்தொம்பது" என்றாள் உலகம்மை.

அவர் எழுந்தார். அடுப்பு மூட்டச் சொன்னார். கொட்டகைக்கு இன்னும் மூன்று பானைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அதுவரை அந்த உப்பளத்தில் இறகோடு மட்டும் நடந்தவர், இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

முதல் ஆள் பேச்சித்தாய். பெண்களின் உடம்பை உலகம்மை மறைப்புக்குப் பின்னால் பார்த்துச் சொன்னாள். "வெளுப்பு இல்ல. நரம்பு மெலிசா இருக்கு." மீதி வேலை அம்பலவாணனுடையது.

பேச்சித்தாயின் கால்களை வெந்நீர்த் தொட்டியில் ஊற வைத்தார். உப்பு கரைந்து, தடித்த தோல் மெல்ல இளகியது. கல்லால் தேய்த்தார். ஊரே பார்க்க ஒரு வாத்தியார் தன் காலைத் தேய்க்கிறாரே என்று அவள் கூசிக் குறுகினாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கண்ணை மூடு, தாயி."

ஒரு செம்பில் சுடுதண்ணீர், ஒரு செம்பில் பச்சைத் தண்ணீர். முதல் செம்பைப் பாதத்தில் வைத்தார்.

"இது?"

"குளுந்து கெடக்கு."

"இது?"

"சுடுது."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி வைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சுடுதுங்கேன்லா, எடுங்கய்யா!" என்று காலை உதறினாள். கொட்டகையில் நாலு நாளுக்குப் பிறகு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பேச்சித்தாயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அம்பலவாணன் ஈரத்துணியால் அவள் கையிலிருந்த கோட்டைத் துடைத்தார். காவி சுலபத்தில் போகவில்லை. போகும்வரை துடைத்தார்.

பொழுது சாய்வதற்குள் முப்பத்தெட்டுப் பேரையும் பார்த்து முடித்தார். இரண்டு பேருக்கு நோய் இருந்தது. வெயிலுமுத்து என்பவருக்கு முதுகில் வெளுப்பு, வலது கால் மரத்திருந்தது. சந்தனமாரி என்ற பெண்ணுக்கு முழங்கை நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. இருவரையும் தனியே உட்கார வைத்து, என்ன செய்யப் போகிறோம் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். சந்தனமாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "விரலு போகாதுல்லா?" இப்போதே வந்துவிட்டதால் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார்.

மீதி முப்பத்தாறு பேரும் வெறும் உப்புக் கால்கள்.

கடைசியாக உலகம்மை கையை நீட்டினாள். அவர் நரம்பைத் தொட்டுப் பார்த்தார். தோலைப் பார்த்தார். கோட்டைத் துடைத்தார்.

பிறகு கங்காணியிடம் போனார். தனியாகத்தான் போனார். உலகம்மை கூட வரவில்லை.

"முப்பத்தாறு பேரை நான் தப்பாப் புடிச்சிட்டேன். விட்டுருங்க. படகு வேண்டாம்."

திரவியம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து நோய்னு நிச்சயமாச் சொன்னிய. இன்னைக்கு இல்லன்னு நிச்சயமாச் சொல்லுதிய. நான் எந்த நிச்சயத்த நம்ப?"

நியாயமான கேள்வி. அம்பலவாணனுக்கு முகம் சுட்டது.

"நேத்து நான் காலை மட்டும் பாத்தேன். அதுவும் உப்புல நிக்க காலைப் பாத்துட்டு, உடம்பைப் பாக்காம விட்டுட்டேன். நோய்னு பயந்து மருத்துவசாலைக்கு வாரவங்ககிட்ட சரியா இருந்த சோதனைய இங்கயும் அப்படியே நம்பிட்டேன். தப்பு என்னோடது. எத்தனை பேர் முன்னால வேணும்னாலும் நின்னு சொல்லுதேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கங்காணியின் முகத்தில் நின்றது. வியர்வைக்காகத் திரவியம் உருமாலைக் கழற்றியிருந்தார். காது மடல் தடித்து முடிச்சு முடிச்சாக இருந்தது. புருவத்தின் ஓரம் முடி உதிர்ந்திருந்தது. அந்தக் கன்னத்தில் வெளுப்பு. நாலு நாளும் எதிரிலேயே இருந்த முகம். கூசிய காலை மட்டும் பார்த்துவிட்டு, நோய் இல்லை என்று அனுப்பிவைத்த முதல் ஆள்.

அம்பலவாணன் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குக் காலையில எங்களோட மருத்துவசாலைக்கு வாங்க. யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல."

திரவியத்தின் கை தானாகக் காதுக்குப் போனது.

"ரெண்டு வருஷமா இருக்கு" என்றார் பிறகு. குரலில் கங்காணியைக் காணவில்லை. "என்னையும் மணல்திட்டுக்கு அனுப்பிருவியளா?"

"எண்ணெய் ஆறு பேருக்கு இருக்கு. நீங்க மூணாவது ஆளு."

கங்காணி கொட்டகைக்கு வந்தார். தட்டியைத் தன் கையாலேயே தூக்கி ஓரமாகப் போட்டார். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். வெயிலுமுத்துவையும் சந்தனமாரியையும் பார்த்து, "வைத்தியம் முடிஞ்சு வாங்க, பாத்தி அப்படியே இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பிப் போனார்.

மாமியார் குழந்தையோடு வந்தாள். பேச்சித்தாய் பாய்ந்து வாங்கினாள். உப்புக் குவியலின் நிழலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். குழந்தை நாலு நாள் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. எல்லாரும் காத்திருந்தார்கள். அழுகை சட்டென்று நின்றது. அதற்குப் பிறகுதான் அம்பலவாணன் போய்ப் பலகையில் உட்கார்ந்தார்.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டார்கள். வெயிலுமுத்துவும் சந்தனமாரியும் முன்னால் நடந்தார்கள். எல்லாருக்கும் பின்னால், வேறு வேலையாகப் போகிறவர்போல, திரவியம் வந்தார்.

பனங்காட்டருகே அம்பலவாணன் மடியிலிருந்து இறகை எடுத்தார்.

"இதைத் தூக்கிப் போட்டுறட்டுமா, அம்மா?"

"எதுக்கு? முன்னால போற ரெண்டு பேரையும் யாரு கண்டுபிடிச்சா?"

அவர் இறகை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"ஒண்ணு கேக்கணும், அம்மா. உங்க விரல் மரத்துப்போனது உங்களுக்குத் தெரியும்."

"பத்து வருஷமாத் தெரியும்."

"அப்புறம் ஏன் கையை நீட்டினிய? 'வாத்தியாரே, இது புடம் போட்டு மரத்த விரலு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் நம்பியிருப்பேனே, அம்மா."

உலகம்மை நின்று அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"பேச்சித்தாயும் சொன்னாளே, வாத்தியாரே."